கட்டிளமைப் பருவமும் வீட்டுச் சமையலும்



பாடசாலை ஆசிரியர் ஒருவர் வகுப்பறைக்குள் நுழைந்ததும் முதலிற் பார்ப்பது மாணாக்கரின் முகங்களைத்தான். யார் இரவு முழுவதும் விழித்திருந்தார், யார் வீட்டிற் சச்சரவு கண்டு வந்தார், யார் வெறும் வயிற்றோடு பேருந்தேறி வந்தார் என்பவற்றை அம்முகங்களே எடுத்துரைத்துவிடும். பல்லாண்டுகள் கற்பித்தவர்களுக்கு இக்கலை தானாகவே கைவந்துவிடுகிறது. ஆயினும், முகத்தைக் கண்டறிவது ஒன்று. கண்டதன் காரணத்தை அறிந்து ஆவன செய்வது மற்றொன்று. பதின்மூன்று முதல் பத்தொன்பது வயதுவரையுள்ள நம் பிள்ளைகளின் உணவைப் பற்றியும், அவ்வுணவு அவர்தம் கல்வியோடு கொண்ட தொடர்பைப் பற்றியும், அடுக்களையிலும் வகுப்பறையிலும் நாம் செய்யக்கூடியவற்றைப் பற்றியும் மனைப்பொருளியல் கற்பிக்கும் ஓர் ஆசிரியையின் நிலையில் நின்று இன்று சில சொல்ல விழைகின்றேன்.

முதலில் ஆசிரியரின் நாளொன்று எவ்வாறு கழிகின்றது என்பதை நோக்குவோம். நமது நாட்டிற் பெரும்பாலான பாடசாலைகள் காலை 7.30 மணிக்குத் தொடங்கிப் பிற்பகல் 1.30 மணிக்கு முடிவடைகின்றன. ஆசிரியர்களிற் பெரும்பாலானோர் பெண்கள். ஆதலின், அவர்களது நாள் பாடசாலை மணியோசையோடு தொடங்குவதில்லை. அதிகாலை நாலரை மணிக்கு அடுப்பு மூட்டுவதோடு தொடங்குகின்றது. தேங்காய் துருவி, பிட்டவித்து, பிள்ளைகளுக்கும் கணவருக்கும் சாப்பாட்டுப் பெட்டிகளை நிரப்பி, தாம் ஒரு கோப்பைத் தேநீரை நின்றபடியே அருந்திவிட்டுப் பேருந்து நிலையத்துக்கு விரையும் ஆசிரியைகள் பலர். பிறர் பிள்ளைகளின் பசியை அறிய வேண்டியவரே பசியோடு வகுப்புக்கு வருகின்ற நிலை இது. இதனை ஈண்டு குறிப்பிடுவது குறைகூறுவதற்காகவன்று. உணவைப் பற்றிப் பேசும்போது அதனைச் சமைக்கின்ற கைகளையும் அக்கைகளுக்குரியவர் உண்ணும் வேளையையும் மறந்து பேசுதல் பயன்தராது என்பதற்காகவே.

காலை கூட்டம் முடிந்து, வரவு பதிந்து, முதலிரு பாடங்கள் ஒருவாறு கழியும். மூன்றாம் பாடவேளையிற்றான் வேறுபாடு புலப்படத் தொடங்கும். காலையுணவு உண்டு வந்தவர் வினாக் கேட்பார்; உண்ணாது வந்தவர் கன்னத்திற் கைவைத்துச் சாளரத்துக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். முதல்நாள் இரவு எட்டு மணிக்கு உண்ட பிள்ளை மறுநாள் இடைவேளைவரை எதனையும் உண்ணவில்லையெனின், பதினான்கு மணி நேரத்துக்கு மேல் வயிறு வெறுமையாகக் கிடக்கின்றது. மூளையோ குருதியிலுள்ள குளுக்கோசையே தனது முதன்மையான எரிபொருளாகக் கொண்டது. உடல் தன் சேமிப்பிலிருந்து ஓரளவு ஈடு செய்யுமெனினும், கவனமும் பொறுமையும் குன்றுவதைக் கண்கூடாகக் காண்கின்றோம். அவ்வாறு குன்றிய பிள்ளையை நாம் எப்பெயரால் அழைக்கின்றோம்? சோம்பேறி என்கின்றோம், அக்கறையற்றவன் என்கின்றோம், திமிர்பிடித்தவள் என்றுங்கூடச் சொல்லிவிடுகின்றோம்.

நான் கற்பித்த பத்தாந்தர மாணவி ஒருத்தியை நினைத்துப் பார்க்கின்றேன். எழுத்து அழகானது, அறிவும் கூர்மையானது. ஆயினும் தவணைக்குத் தவணை புள்ளிகள் இறங்கிவந்தன. மைதானத்தில் ஓடச் சொன்னால் மூச்சு வாங்கினாள். படியேறினால் நெஞ்சு படபடக்கிறது என்றாள். ஆசிரியர் அறையில் அவளைப் பற்றிய பேச்செழுந்தபோது, படிப்பில் மனமில்லை என்பதே பலரின் முடிவாக இருந்தது. தனியே அழைத்துப் பேசியபோதுதான் செய்தி வெளிவந்தது. தாயார் விடியுமுன்னரே வேலைக்குப் புறப்பட்டுவிடுவார். தம்பியர் இருவருக்கும் சமைத்துக் கொடுத்து அனுப்புவது இவளுடைய பொறுப்பு. அதன்பின் தானுண்ண நேரமிருப்பதில்லை, வெறுந்தேநீரே காலையுணவு. வைத்தியசாலையிற் குருதியைப் பரிசோதித்தபோது குருதிச்சோகை என்பது தெளிவாயிற்று. வைத்தியர் இரும்புச்சத்து வில்லைகள் கொடுத்தார். மூன்று நான்கு மாதங்களில் முகத்தில் தெளிவு வந்தது. புள்ளிகளும் மெல்ல ஏறின. அவளிடம் மனமில்லாமை என்றும் இருந்ததில்லை, குருதியிலேதான் குறைவிருந்தது.

குருதிச்சோகை என்பது யாது? நமது குருதியின் செந்நிறத்துக்குக் காரணமான ஈமோகுளோபின் என்னும் பொருளே நுரையீரலிலிருந்து ஒட்சிசனை உடலெங்கும் சுமந்து செல்கின்றது. அதனை ஆக்குவதற்கு இரும்புச்சத்து இன்றியமையாதது. 12 முதல் 14 வயதுவரையுள்ள இருபாலாரிலும், அதற்கு மேற்பட்ட, கர்ப்பமுறாத பெண்களிலும் ஒரு தெசிலீற்றர் குருதியில் ஈமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் அதனைக் குருதிச்சோகை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. களைப்பு, மயக்கம், மூச்சுவாங்கல், வெளிறிய கண்ணிமை, மனம் ஒன்றாமை ஆகியன அதன் அறிகுறிகள். இவை எல்லாவற்றையும் சோம்பல் என்று பிழையாகக் கொள்வது மிக எளிது. அதனாற்றான் ஆசிரியர் ஒவ்வொருவரும் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

இனி, இப்பருவத்திற்கு மட்டும் இத்துணை உணவு வேண்டப்படுவது ஏன் என்ற வினா எழலாம். குழந்தைப் பருவத்தின் முதலாண்டுக்குப் பின், மனித உடல் மிக விரைவாக வளர்வது கட்டிளமைப் பருவத்திலேயாம். ஆண்பிள்ளைகளுக்குத் தசையும் குருதியின் அளவும் பெருகுகின்றன. பெண்பிள்ளைகளுக்கு வளர்ச்சியோடு மாதவிடாயினால் ஏற்படும் குருதியிழப்பும் சேர்ந்துகொள்கின்றது. அமெரிக்க ஊட்டச்சத்து நியமங்களின்படி 14 முதல் 18 வயதுவரை நாளொன்றுக்கு ஆண்பிள்ளைக்கு 11 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டுமெனின், பெண்பிள்ளைக்கு 15 மில்லிகிராம் வேண்டும். 9 முதல் 18 வயதுவரை கல்சியம் 1300 மில்லிகிராம் வேண்டும். இஃது வளர்ந்தோர்க்கு வேண்டிய அளவிலும் மிகுதி. வாழ்நாள் முழுவதற்குமான எலும்புச் செல்வத்திற் பெரும்பங்கு பதினெட்டு வயதுக்குள்ளேயே சேர்க்கப்பட்டுவிடுகின்றது. அக்காலத்திற் சேர்க்காததைப் பின்னர் சேர்ப்பது அரிது. சுவரை வைத்துத்தான் சித்திரம் என்பது பழமொழி. சுவரெழுப்பும் காலம் இதுவே.

ஆயினும் நம் வீடுகளில் நடப்பது என்ன? உண்பதிலே ஒரு வரிசை முறை இருக்கின்றது. முதலில் ஆண்கள், பின்னர் சிறுபிள்ளைகள், இறுதியிலே தாயும் வளர்ந்த மகளும். மீன்துண்டு எஞ்சினால் உண்டு. இல்லையேல் குழம்பு மட்டும். எவருக்கு இரும்புச்சத்து மிகுதியாக வேண்டுமோ அவரே இறுதியாகவும் குறைவாகவும் உண்கின்றார். இதனைக் கொடுமை என்று எவரும் கருதிச் செய்வதில்லை. வழக்கம் என்றே செய்கின்றனர். இவ்வரிசையை மாற்றுவதற்கு ஒரு சதமும் செலவாகாது. எல்லாரும் ஒரே வேளையில் அமர்ந்து, இருப்பதைப் பங்கிட்டு உண்பதே முதல் மருந்து.

நிற்க. உணவிலுள்ள சத்து அடுக்களையிலே எவ்வாறு காக்கப்படுகின்றது, எவ்வாறு இழக்கப்படுகின்றது என்பதை அறிதல் வேண்டும். இதற்கு வரலாற்றிலே ஒரு சுவையான சான்றுண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் யாவாத் தீவிலே பெரிபெரி என்னும் நோய் பரவியிருந்தது. கால்கள் செயலிழக்க, இதயம் தளர, பலர் மாண்டனர். அங்கே பணியாற்றிய ஒல்லாந்த வைத்தியர் கிறிஸ்ரியான் ஐக்மன் தமது ஆய்வுகூடத்துக் கோழிகளுக்கு அந்நோய் போன்றதொன்று வந்ததையும், சில மாதங்களிற் தானே நீங்கியதையும் கண்டார். ஆராய்ந்தபோது, வைத்தியசாலை அடுக்களையில் எஞ்சிய, நன்கு தீட்டிய வெள்ளையரிசிச் சோறு கோழிகளுக்குப் போடப்பட்ட காலத்தில் நோய் வந்ததென்றும், புதிதாக வந்த சமையற்காரர் அச்சோற்றைக் கொடுக்க மறுத்ததனால் தீட்டாத அரிசி போடப்பட்ட பின்னர் நோய் நீங்கியதென்றும் தெரியவந்தது. தவிட்டிலே இருந்து தீட்டும்போது நீங்கிவிடுகின்ற சத்தொன்றே காரணமென்பதை அவருடன் பணியாற்றிய கெறிற் கிறீன்ஸ் 1901ஆம் ஆண்டிலே விளக்கினார். அதுவே இன்று விற்றமின் பி1 என வழங்குகின்றது. ஐக்மனுக்கு 1929ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு சமையற்காரரின் மறுப்பிலிருந்து உலகம் கற்றுக்கொண்ட பாடம் இது.

நம் முன்னோர் ஆய்வுகூடமின்றியே இதற்கொரு வழி கண்டிருந்தனர். நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்திக் குற்றும்போது தவிட்டிலுள்ள அச்சத்தின் ஒருபகுதி அரிசியினுள்ளே சென்று படிகின்றது. ஆதலின், தீட்டினாலும் முற்றாக நீங்குவதில்லை. புழுங்கலரிசியின் சிறப்பு இதுவே. சிவப்புப் புழுங்கலரிசியை அதிகம் தீட்டாது வாங்கி, இருமுறை மட்டும் கழுவி, வேண்டிய அளவு நீரில் வேகவைத்தாற் போதும். பலமுறை கழுவுவதும் கஞ்சியை வடித்துக் கொட்டுவதும் சத்தை வெளியே கொட்டுவதாகும்.

இரும்புச்சத்துக்கு வருவோம். மீனிலும் இறைச்சியிலுமுள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்கின்றது. கீரையிலும் பயறிலும் தானியத்திலுமுள்ள இரும்பிற் சிறுபங்கையே ஏற்கின்றது. அச்சிறுபங்கைப் பெருக்கும் பொருளொன்றும் குறைக்கும் பொருளொன்றும் நம் எல்லார் வீட்டிலும் உண்டு. பெருக்குவது தேசிக்காய், குறைப்பது தேநீர். தேசிக்காய், நெல்லி, கொய்யா ஆகியவற்றிலுள்ள விற்றமின் சீ தாவர இரும்பை உடல் ஏற்கும் வடிவில் வைத்திருக்கின்றது. தேநீரிலுள்ள துவர்ப்புப் பொருளோ அவ்விரும்பைப் பற்றிப்பிடித்து உடலுக்குக் கிடையாமற் செய்கின்றது. தேயிலை விளையும் நாட்டிலே தேநீர் வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. உணவோடு சேர்த்து அருந்தாது, உண்டபின் ஒரு மணிநேரமாவது கழித்து அருந்துக என்றே சொல்கின்றேன். தேசிப்புளியைக் கறி கொதிக்கும்போது விடாது, அடுப்பிலிருந்து இறக்கியபின் விடுதல் வேண்டும். விற்றமின் சீ வெப்பத்தால் அழிவது.

கீரையை முதலிற் கழுவிப் பின்னரே அரிதல் வேண்டும். அரிந்தபின் கழுவினால் நீரிற் கரையும் சத்துக்கள் நீரோடு போய்விடும். முருங்கையிலை வறையிலே தேங்காய்ப்பூச் சேர்ப்பது சுவைக்காக மட்டுமன்று. இலையிலுள்ள, விற்றமின் ஏ ஆக மாறத்தக்க கரோட்டீன் கொழுப்போடு சேரும்போதே உடலிற் கலக்கின்றது. வல்லாரையை வேகவைக்காது தேங்காயும் வெங்காயமும் தேசிப்புளியும் சேர்த்துச் சம்பலாக உண்பது மிக நன்று. நெத்தலி போன்ற சிறுமீன்களை முள்ளோடு உண்டால் கல்சியமும் கிடைக்கின்றது. குரக்கன்மா 100 கிராமிற் கல்சியம் 300 மில்லிகிராமுக்கு மேலுண்டு. அரிசியில் அதற்கு மிக மிகக் குறைவு. சைவ உணவினர் பயறு, கடலை, எள்ளு, கீரை ஆகியவற்றோடு தயிரையோ பாலையோ தவறாது சேர்த்துக்கொள்ளல் வேண்டும். விற்றமின் பி12 தாவர உணவிலிருந்து கிடைப்பதில்லை.

இவையெல்லாம் நல்லனவே, காலையில் நேரம் எங்கே என்று நேயர்களிற் பலர் கேட்பது என் செவிக்கு எட்டுகின்றது. நேரத்தை முதல்நாளே தேடிக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை மாலையில் ஒரு சுண்டு பயறை நீரில் ஊறவிட்டு, ஞாயிறு காலையில் நீரை வடித்து ஈரத்துணியிற் கட்டிவைத்தால் திங்கள் விடியலில் முளைவிட்டிருக்கும். முளைவிடும்போது இரும்பைத் தடுக்கும் பொருள் குறைகின்றது; விற்றமின் சீயும் உண்டாகின்றது. அதனை அவித்துத் தேங்காய்ப்பூவும் சிறிது உப்பும் சேர்த்தால் உணவு ஆயிற்று. குரக்கன்மாவையும் அரிசிமாவையும் சமனாகக் கலந்து வறுத்துப் புட்டியில் அடைத்து வைத்துக்கொண்டால், காலையில் உப்புநீர் தெளித்துப் பிசறி, ஒரு கைபிடி முருங்கையிலையும் தேங்காய்ப்பூவும் இட்டு நீத்துப்பெட்டியில் அவிப்பதற்குக் கால்மணி நேரம் போதும். அவிகின்ற வேளையிலே பிள்ளைகள் புறப்பட்டு ஆயத்தமாகலாம். இப்பிட்டை ஒரு கொய்யாப்பழத்தோடோ பப்பாசித் துண்டோடோ பெட்டியில் வைத்தனுப்பினால், இடைவேளையிற் கடைப் பற்றீசை நாடவேண்டியதில்லை.

2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியை நாம் மறந்துவிடவில்லை. அவ்வாண்டு செப்ரெம்பரிற் கொழும்பில் உணவுப் பொருள்களின் விலையேற்றம், முந்திய ஆண்டோடு ஒப்பிட, 90 சதவீதத்தைக் கடந்தது. அக்காலத்தில் வீடுகளில் முதலிற் குறைந்தது சோறன்று. முட்டையும் மீனும் பாலும் பழமுமே. வயிறு நிறைந்தது, உடல் நிறையவில்லை. அன்று முற்றத்து முருங்கையும் வேலியோரத்துக் கீரையும் பல குடும்பங்களைத் தாங்கின. வீட்டுத்தோட்டம் என்பது பாடப்புத்தகத்துச் சொல்லன்று, இடர்க்காலத்துக் காப்புறுதி.

இனி, இவற்றையெல்லாம் கட்டிளைஞரிடம் கொண்டுசெல்வது எங்ஙனம்? ஈண்டுதான் ஆசிரியரின் தொழிற்றிறன் வேண்டப்படுகின்றது. இப்பருவத்தினர் அறிவுரையைக் கேட்டவுடனே செவியை மூடிக்கொள்வர். ஆனால் தாமே கண்டறிந்ததை எளிதில் விடமாட்டார். ஆதலின் நான் வகுப்பிலே இனிப்புப் பானத்தைக் குடியாதே என்று சொல்வதில்லை. வெற்றுப் புட்டிகளைக் கொண்டுவரச் சொல்கின்றேன். நமது நாட்டிலே 2016ஆம் ஆண்டு முதல் இனிப்புப் பானங்களின் புட்டிகளிலே சீனியின் அளவைக் காட்டும் நிறக்குறியீடு இடப்படுகின்றது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற்படின் சிவப்பு. 200 மில்லிலீற்றர்ப் புட்டியிற் குறைந்தது 22 கிராம் சீனி என்று மாணாக்கரே கணக்கிடுவர். அதனைத் தேக்கரண்டியால் அளந்து தட்டில் இடச் சொல்வேன். ஐந்தாவது கரண்டி விழும்போது வகுப்பிலே ஒரு முணுமுணுப்பு எழும். அதன்பின் நான் சொல்வதற்கு எதுவுமில்லை.

காலையுணவு உண்ணாது வருபவர் எல்லாரும் ஒரே காரணத்தால் வருவதில்லை என்பதையும் ஆசிரியர் அறிதல் வேண்டும். சிலருக்கு நேரமில்லை, அவர்களுக்கு முதல்நாள் ஆயத்தத்தைக் கற்பிக்கலாம். சிலருக்குப் பசியில்லை, நள்ளிரவுவரை கைத்தொலைபேசியோடு விழித்திருந்து, உறக்கம் தெளியாது எழுந்தவருக்குப் பசி எடுப்பதில்லை. இப்பருவத்தில் உறக்கம் இயல்பாகவே பிந்தி வருவதொன்று. எனினும் எட்டு முதல் பத்து மணிநேரம் உறங்குதல் வேண்டும் என்பது மருத்துவர் கூற்று. அவர்களுடைய பெற்றோருடன் பேச வேண்டியது உணவைப் பற்றியன்று, உறக்கத்தைப் பற்றியே. சிலர், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், மெலிய வேண்டுமென்று வேண்டுமென்றே உண்ணாதிருக்கின்றனர். அவர்களிடம் உடற்பருமனைப் பற்றி வேடிக்கையாகக்கூட ஒரு சொல் சொல்லலாகாது. வகுப்பிலே எழுந்த ஒரு சிரிப்பொலி ஓராண்டு உணவைக் கெடுத்துவிடக்கூடும். அந்நிலை முற்றினால் வைத்தியரின் உதவியை நாடுதல் வேண்டும்.

நாலாவது காரணம் வீட்டில் ஒன்றுமில்லாமை. இதுவே மிகவும் மறைவானது. சிறுபிள்ளை பசிக்கிறது என்று அழும். பதினைந்து வயதுப் பிள்ளை அதனை மானக்கேடாகக் கருதி மறைக்கும். பலர் முன்னிலையிற் சாப்பிட்டாயா என்று கேட்டால், சாப்பிட்டேன் என்ற விடையே வரும். இடைவேளையில் நூலகத்துக்குத் தனியே செல்பவன் எல்லாவேளையும் நூலை நாடிச் செல்பவனல்லன். தனிமையிற் கேட்க வேண்டும். கேட்டதை வேறெவரிடமும் சொல்லாது காக்க வேண்டும். உதவியை உதவியென்று தெரியாவண்ணம் செய்ய வேண்டும். மனைப்பொருளியற் செய்முறை வகுப்பைக் காலை வேளையில் வைத்து, சமைத்ததை எல்லாரும் பகிர்ந்துண்ணச் செய்வது இதற்கொரு வழி. அங்கே கொடுப்பவரும் இல்லை, பெறுபவரும் இல்லை, எல்லாரும் சமைத்தவரே.

அச்செய்முறை வகுப்பிலே ஆண்பிள்ளைகளும் இருத்தல் நன்று. தேங்காய் துருவவும் பயறு அவிக்கவும் அறிந்த மகன் வீட்டிலிருந்தால், தாயின் காலைப்பொழுதிற் கால்மணி நேரம் மிஞ்சும். தமக்கையும் அமர்ந்து உண்டு பாடசாலை செல்வாள். சமையல் என்பது பெண்ணுக்குரிய கடன் என்று கற்பிப்பதைக் காட்டிலும், உண்பவர் எல்லார்க்கும் உரிய அறிவு என்று கற்பிப்பதே பொருத்தம்.

ஒன்றை எச்சரிக்கையாகக் கூறி முடிக்கின்றேன். குருதிச்சோகை வந்தபின் அதனைக் கீரையால் மட்டும் போக்கிவிடலாம் என்று எண்ணலாகாது. அதற்குப் பரிசோதனையும் மருந்தும் வேண்டும். பூச்சித்தொல்லை போன்ற வேறு காரணங்களும் இருத்தல் கூடும். பாடசாலையிலே வழங்கப்படும் இரும்புச்சத்து வில்லைகளைப் பிள்ளைகள் வீசிவிடாது விழுங்குவதற்கு ஆசிரியரும் பெற்றோரும் துணைநிற்க வேண்டும். அடுக்களை செய்வது காப்பு. வைத்தியசாலை செய்வது தீர்ப்பு. இரண்டும் தத்தம் பணியைச் செய்தல் வேண்டும்.

பெற்றோரே, நாளைக் காலை உங்கள் வீட்டில் யார் கடைசியாக உண்கின்றார் என்பதைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். ஆசிரிய நண்பர்களே, தலைகவிழ்ந்திருக்கும் மாணாக்கனிடம் வீட்டுப்பாடத்தைக் கேட்குமுன், காலையில் என்ன உண்டாய் என்று மெல்லக் கேளுங்கள். அதனைக் கேட்பதற்கு முன்னர் நீங்களும் சிறிது உண்டு வாருங்கள்.